மரமில்லாச் சமவெளியில் ஒரு மின்மிதிவண்டி



சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நம் கல்லூரியில் நடந்த மிதிவண்டிப் பேரணியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காலை ஆறு மணிக்குக் கல்லூரி வாயிலில் கொடியசைத்துத் தொடங்கி, பெரிய ஏரிக்கரை வரை 22 கிலோமீட்டர் சென்று, மரக்கன்று நட்டுத் திரும்பினோம். 'திரும்பினோம்' என்று பன்மையில் எழுதுகிறேனே தவிர, நான் ஒரு மிதிகூட மிதிக்கவில்லை. தண்ணீர்க் கேன்களும் முதலுதவிப் பெட்டியும் ஏற்றிய வேனில், ஓட்டுநர் அண்ணனுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சென்றேன். பதினோராம் வகுப்பில் நேர்ந்த விபத்தில் என் இடது முழங்காலுக்குள் தகடு வைத்திருக்கிறார்கள். ஐந்தாறு கிலோமீட்டர் மிதித்தால் முழங்கால் வீங்கிவிடும். "நீ வேனில் வாப்பா, உனக்கு எதுக்குச் சிரமம்?" என்று ஐயா அன்போடுதான் சொன்னார். அந்த அன்பில் குறை காண மாட்டேன். ஆனால் எனக்கு முன்னால் நூறு முதுகுகள் வியர்வையோடு அசைந்து செல்வதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு போனேனே, அந்த இரண்டு மணி நேரம் எனக்கு எப்படி இருந்தது என்பதை யாரும் கேட்கவில்லை.

அன்றிரவு விடுதியில் என் அறைத் தோழனிடம், "அடுத்த ஆண்டு மோட்டார் பொருத்திய மிதிவண்டியில் வரப்போகிறேன்" என்றேன். அவன் தமிழிலக்கியம் பயில்பவன். பல்கலைக்கழக அளவில் நெடுந்தொலைவு ஓட்டக்காரனும்கூட. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தே விட்டான். "மோட்டார் வெச்ச சைக்கிள்ல போறதுக்குப் பேரு சைக்கிள் பயணமாடா? அது ஏமாத்து. அதுக்குப் பஸ்லயே போயிடலாமே!" என்றான். அவன் ஒருவன் கருத்தன்று இது. மறுநாள் உணவுக்கூடத்தில் கேட்டபோது பத்துப் பேரில் எட்டுப் பேர் அவன் பக்கம் நின்றார்கள். மின்மிதிவண்டி என்பது கிழவர்களுக்கும் சோம்பேறிகளுக்கும் கடைத்தெருவுக்குப் போய்வர ஏற்பட்ட வண்டி. அதைக்கொண்டு நெடும்பயணம் போனேன் என்று சொல்பவன் பொய்க்கணக்கு எழுதுகிறான் என்பது அவர்கள் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு தவறு என்று நிறுவவே இதை எழுதுகிறேன். ஏரிக்கரைச் சாலையை வைத்துக்கொண்டு அதை நிறுவ முடியாது. வழிநெடுகத் தேநீர்க்கடையும் பஞ்சர்க்கடையும் இருக்கும் சாலையில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். எதையும் அதன் கடினமான இடத்தில் வைத்துத்தான் உரசிப் பார்க்க வேண்டும். என் நல்வாய்ப்பாக, வகுப்புக் கருத்தரங்கில் எனக்குக் கிடைத்த தலைப்பு ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளி. சுண்ணாம்புக்கல் நிலவியலைத் தேடப் போன இடத்தில், அந்நிலத்தைக் கடக்கும் மிதிவண்டிக்காரர்களின் பயணக் குறிப்புகளும் கையில் சிக்கின. அவற்றுள் சிலர் மின்மிதிவண்டிக்காரர்கள். நான் அங்கே போனவன் அல்லன். நிலப்படத்தின் மீது விரலால் போனவன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஆஸ்திரேலிய நிலப்படத்தின் தென்கரையில் கடல் பெரிதாக உள்வாங்கி வளைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வளைவின் தலைமேல் கிடப்பது நல்லர்பார். இலத்தீன் மொழியில் 'மரம் ஒன்றுமில்லை' என்று பொருள்படும் பெயர். பரப்பு ஏறத்தாழ 2,00,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப்போல் ஒன்றரை மடங்கு. பெய்கிற சிறு மழையும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கிக் குகைகளுக்குள் போய்விடுவதால் மேலே ஓர் ஆறு கிடையாது. 2019 டிசம்பரில் அங்கே வெப்பநிலை 49.9 பாகை வரை போயிருக்கிறது. இந்நிலத்தின் தென்விளிம்பை ஒட்டிச் செல்வது அயர் நெடுஞ்சாலை. கிழக்கே செடுனாவிலிருந்து மேற்கே நார்ஸ்மன் வரை 1,200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், திரும்பும் வழியில் திருச்சியையும் தாண்டிவிடும் தொலைவு அது. இந்தச் சாலை முழுவதும் தார் கண்டது 1976-இல்தான்.

இடையில் ஊர் என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. 'ரோடுஹவுஸ்' என்னும் சாலைவிடுதிகள் இருக்கின்றன. ஒரு பெட்ரோல் பங்கு, ஒரு சாப்பாட்டுக் கூடம், சில அறைகள், கூடாரம் அடிக்க இடம், அவ்வளவே. நல்லர்பார் விடுதியை விட்டால் மாநில எல்லை விடுதிக்கு ஏறத்தாழ 185 கிலோமீட்டர். கைகூனாவை விட்டால் பலடோனியாவுக்கு 182. பலடோனியாவை விட்டால் நார்ஸ்மனுக்கு 190-க்கும் சற்று மேல். கைகூனாவுக்கும் பலடோனியாவுக்கும் இடையில் 146.6 கிலோமீட்டர் தூரம் சாலை ஒரு திருப்பம்கூட இல்லாமல் நூல் பிடித்ததுபோல் ஓடுகிறது. (வேடிக்கையான செய்தி ஒன்று: எல்லைக்கும் கைகூனாவுக்கும் இடைப்பட்ட பகுதியினர் தங்களுக்கென்று தனி நேரம் வைத்திருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலிய நேரத்தைவிட 45 நிமிடம் கூடுதல். விரல்விட்டு எண்ணக்கூடிய மக்களுக்கு ஒரு தனிக் கடிகாரம்!)

இப்போது மின்மிதிவண்டியை இங்கே கொண்டுவந்து நிறுத்துவோம்.

முதலில் அந்த வண்டியைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தைப் போக்க வேண்டும். பயணக்காரர்கள் கொண்டுபோகும் வண்டி, பித்தானை அழுத்தினால் ஓடும் வண்டியன்று. மிதித்தால்தான் மோட்டார் உதவும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதியில் அந்த மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டைத் தாண்டக்கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும் மோட்டார் உதவியை நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் நாட்டிலும் இதே 250 வாட், இதே 25 கிலோமீட்டர் வரம்புக்குள் இருக்கும் வண்டிக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. சட்டம் அதை மிதிவண்டி என்றே கருதுகிறது. என் அறைத் தோழன்தான் கருத மறுக்கிறான்.

சாதாரண உடல்நலமுள்ள மனிதன் மணிக்கணக்கில் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 75 முதல் 100 வாட். நம் வகுப்பறையில் கடகடவென்று சுற்றுகிறதே பழைய மின்விசிறி, ஒரு மனிதன் அந்த ஒரு மின்விசிறிக்குச் சமம். அவன் ஆறு மணி நேரம் 80 வாட் அளவில் மிதித்தால் 480 வாட்-மணி வேலை செய்திருப்பான். வழக்கமான மின்மிதிவண்டியின் மின்கலம் ஒன்றில் அடங்குவது 500 வாட்-மணி. ஆகவே ஒரு மின்கலத்தை நாள் முழுவதும் சிக்கனமாகச் செலவழித்து மிதிப்பவனின் பயணத்தில் ஏறத்தாழப் பாதி அவனுடைய உழைப்பே. அவனுக்குக் கிடைத்திருப்பது பல்லக்குத் தூக்கி அன்று, ஒரு கூட்டாளி. பேருந்தில் ஏறி உட்கார்ந்தவனும் இவனும் ஒன்றா?

ஆனால் அந்தக் கூட்டாளிக்குச் சோறு போட வேண்டுமே! அங்கேதான் மரமில்லா நாடு தன் வேலையைக் காட்டுகிறது. கூடாரமும் உணவும் தண்ணீரும் ஏற்றிய வண்டியைத் தாராளமான உதவியோடு ஓட்டினால் கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி போலச் செலவாகும் என்று கொள்ளலாம். 182 கிலோமீட்டருக்கு 1,820. அதாவது நான்கு மின்கலங்கள். ஒன்று 3 கிலோ என்றால் நான்கும் 12 கிலோ. சரி, தண்ணீர்? வெயிலில் மிதிப்பவனுக்கு நாளொன்றுக்கு ஆறு லிட்டராவது வேண்டும். 182 கிலோமீட்டரை இரண்டு நாளாகப் பிரித்தால் 12 லிட்டர். அதுவும் 12 கிலோ! வண்டியே 25 கிலோவுக்குக் குறையாது. கூடாரம், உணவு, கருவிகள் என்று இன்னும் பத்துப் பதினைந்து கிலோ. ஏற்ற ஏற்ற எடை கூடும். எடை கூடக்கூட மின்சாரச் செலவும் கூடும். ஆகவே பலர் ஒன்றோ இரண்டோ மின்கலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சமதளத்தில் மோட்டாரை அணைத்துவிட்டு மிதிக்கிறார்கள்; எதிர்காற்று அடிக்கும்போது மட்டும் அதைக் கூப்பிடுகிறார்கள்.

எதிர்காற்றை எளிதாக எண்ணிவிடாதீர்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவன் மீது 20 கிலோமீட்டர் வேகக் காற்று எதிரே வீசினால், காற்றின் தடை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. ஒதுங்கி நிற்க ஒரு மரம் கிடையாது. பெயரிலேயே மரம் இல்லையே! மலையில் ஏறினால் உச்சி என்று ஒன்று வரும், பிறகு இறக்கம் வரும். சமவெளிக் காற்றுக்கு உச்சியும் இல்லை, இறக்கமும் இல்லை. 36.5 மீட்டர் வரை நீளமுள்ள தொடர்லாரிகள் அருகில் உரசிப் போகும்போது அந்தக் காற்றும் ஒரு தள்ளு தள்ளும். மின்கலம் தீர்ந்துபோன நேரத்தில் இத்தகைய காற்று வந்தால், மின்மிதிவண்டிக்காரன் சாதாரண மிதிவண்டிக்காரனைவிடப் பரிதாபத்துக்குரியவன். செத்துப்போன மோட்டாரையும் காலியான மின்கலங்களையும் சேர்த்து இழுக்க வேண்டியவன் அவன். இதற்குமா ஏமாற்று என்று பெயர்?

அடுத்தது, சுவரில் இருக்கும் பிளக். நெடும்பயணத்தில் மின்மிதிவண்டிக்காரன் எதற்காக ஏங்குகிறான் என்றால் இந்த மூன்று துளைகளுக்காகத்தான். இந்தச் சாலைவிடுதிகள் ஊர் மின்கம்பிகளுக்கு வெகு தொலைவில் இருப்பவை. சொந்த டீசல் ஜெனரேட்டரில் ஓடிப் பழகியவை. இப்போது சூரிய மின்சாரமும் சேர்ந்து வருகிறது. ஒரு மின்கலத்தை நிரப்ப ஆகும் மின்சாரம் நம் வீட்டுக் கணக்கில் அரை யூனிட். நான்குக்கும் சேர்த்து இரண்டு யூனிட். ஒரு லிட்டர் டீசலில் ஜெனரேட்டர் ஏறத்தாழ மூன்று யூனிட் தரும். ஆக 182 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டருக்கும் குறைவான டீசல். அதே தூரத்துக்கு ஒரு கார் பத்து லிட்டருக்கு மேல் குடிக்கும். இக்கணக்கில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. மின்மிதிவண்டி புகையே இல்லாத வண்டி என்று விளம்பரத்தில் சொல்வது இங்கே பொய். புகை விடுதியின் கொல்லைப்புறத்தில் வருகிறது. ஆனாலும் காரோடு ஒப்பிட்டால் அந்தப் புகை மிகமிகச் சொற்பம். கைகூனா விடுதியில் 2022-இல் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரின் முயற்சியால் மின்காருக்கென ஒரு மின்னேற்றி வைத்தார்கள். அதன் ஜெனரேட்டருக்கு எரிபொருள் எது தெரியுமா? சமையலறையில் உருளைக்கிழங்கு வறுத்து மிச்சமான பழைய எண்ணெய்! நம் ஊர் பஜ்ஜிக்கடை அண்ணாச்சிகள் கவனிக்க வேண்டிய செய்தி.

மின்கலம் நிரம்ப நான்கைந்து மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் பயணி என்ன செய்வான்? உட்கார்ந்திருப்பான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மோட்டார் காரில் வருகிறவன் பத்து நிமிடத்தில் பெட்ரோல் போட்டுப் போய்விடுகிறான். சாதாரண மிதிவண்டிக்காரன் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போய்விடலாம். மின்மிதிவண்டிக்காரன் மட்டும், பிடிக்கிறதோ இல்லையோ, அடுப்படிக்காரரிடமும் லாரி ஓட்டுநரிடமும் பேசியே ஆக வேண்டும். "ஐயா, ஒரு பிளக் கிடைக்குமா?" என்று கேட்டே ஆக வேண்டும். கேட்கிறவனுக்குத்தான் மனிதர் அறிமுகமாகிறார்கள். நான் படித்த குறிப்புகளில் காற்றையும் கங்காருவையும்விட அதிகமாக வருபவர்கள் இந்த விடுதி மனிதர்களே. காசு வாங்க மறுத்தவரும் உண்டு, வாங்கியவரும் உண்டு. ஜெனரேட்டர் ஓட்டுகிறவர் காசு கேட்பது நியாயந்தானே.

"பிறர் கையை எதிர்பார்த்துப் போவது என்ன வீரம்?" என்று என் தோழன் கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு விடை அந்தச் சாலையின் பெயரிலேயே இருக்கிறது.

எட்வர்டு ஜான் அயர் என்ற ஆங்கிலேயர் 1841-இல் இந்தக் கரையோரமாகக் கிழக்கிலிருந்து மேற்கே நடந்தார். உடன் புறப்பட்டவர்கள் ஜான் பாக்ஸ்டர் என்பவரும் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் மூவரும். ஏப்ரல் மாத இரவொன்றில் பழங்குடியினர் இருவர் பாக்ஸ்டரைக் கொன்றுவிட்டுப் போய்விட்டார்கள். எஞ்சியவர்கள் அயரும் வைலி என்ற பழங்குடி இளைஞனும். அந்தக் கரையில் தண்ணீர் எங்கே கிடைத்தது? மணல்மேடுகளுக்கு அடியில் தோண்டினால் நன்னீர் ஊறும் என்பது அந்நிலத்து மக்கள் அறிந்து, அயருக்குக் காட்டிக்கொடுத்த செய்தி. சில மரவேர்களிலிருந்து நீர் எடுக்கும் முறையும் அவர்களுடையதே. உணவு தீர்ந்து தளர்ந்த நேரத்தில், அந்தக் கரையில் தற்செயலாக நங்கூரமிட்டிருந்த 'மிசிசிப்பி' என்ற பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல் இருவரையும் ஏற்றிச் சோறு போட்டு இளைப்பாற வைத்தது. ஜூலை மாதம் அவர்கள் ஆல்பனி போய்ச் சேர்ந்தார்கள். அயர் பெயரை நெடுஞ்சாலைக்கு வைத்திருக்கிறார்கள். பழங்குடியினர் காட்டிய தண்ணீரைக் குடித்தார், பிரெஞ்சுக் கப்பலில் சாப்பிட்டார், ஆகவே அவர் ஏமாற்றுக்காரர் என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை.

தொலைவான நாடு, ஆளில்லாத நாடு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். யாருக்குத் தொலைவு? கடலோரத்து மிர்னிங் மக்களுக்கு அது வீட்டு முற்றம். 'ஆளில்லாத நாடு' என்று நினைத்ததால்தான் இந்தச் சமவெளிக்கு வடக்கே மாரலிங்காவில் 1956 முதல் 1963 வரை பிரிட்டன் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. அங்கே வாழ்ந்தவர்களைத் தெற்கே யலட்டாவுக்குப் பெயர்த்தார்கள். இதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். இங்கே இந்த அளவோடு நிறுத்துகிறேன். தனியாகக் கடந்தேன் என்று எவனும் சொல்ல முடியாத நிலம் அது என்பதற்காகச் சொன்னேன்.

மிதிவண்டி வரலாற்றுக்கு வருவோம். ஆர்தர் ரிச்சர்ட்சன் என்பவர் 1896 நவம்பர் 24-ஆம் நாள் கூல்கார்டி தங்கவயலிலிருந்து புறப்பட்டு, நல்லர்பாரை மிதிவண்டியில் கடந்து, 31 நாளில் அடிலெய்டு சேர்ந்தார். அவ்வாறு கடந்த முதல் மனிதர் அவரே. சிறு மூட்டையும் ஒரு தண்ணீர்ப் பையுந்தான் அவரிடம் இருந்த சுமை. வழிகாட்டி? 1877-இல் போட்டு முடித்த தந்திக் கம்பி! கம்பத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தார். அன்றைய மின்சாரம் அவருக்கு வழி காட்டியது. இன்றைய மின்சாரம் சக்கரத்தைத் தள்ளுகிறது. ரிச்சர்ட்சனின் சாதனையை நான் குறைக்கவில்லை. தார்ச்சாலையில் கியர் வண்டி ஓட்டும் இன்றைய 'தூய' மிதிவண்டிக்காரரும் ரிச்சர்ட்சன் பார்வையில் சொகுசுக்காரர்தாம் என்றுதான் சொல்கிறேன்.

கியரைச் சொன்னதால் இன்னொன்று. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தோற்றுவித்த ஆன்றி டெக்ராஞ்சு கியர் மாற்றும் கருவிமீது கடும் வெறுப்புக் கொண்டவர். தசையின் வலிமையால் வெல்ல வேண்டும், கருவியின் தந்திரத்தால் அன்று என்பது அவர் வாதம். அந்தப் பந்தயத்தில் அக்கருவிக்கு இடம் கிடைத்தது 1937-இல்தான். இன்று என் தோழன் கடன் வாங்கி ஓட்டும் வண்டியில் 21 கியர் இருக்கிறது. ஒருநாளும் அவன் அதற்காக வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

1982 டிசம்பரில் ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப் என்பவரும் கார்ப் பந்தய வீரர் லாரி பெர்கின்சும் 'குவயட் அச்சீவர்' என்ற சூரிய வண்டியில் பெர்த்திலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டார்கள். 4,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை 20 நாளில் கடந்தார்கள். சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 23 கிலோமீட்டர். மிதிவண்டியின் வேகம்! பெட்ரோல் தீர்ந்தால் என்ன செய்வோம் என்ற கேள்விக்கு இப்படியும் ஒரு விடை உண்டு என்று உலகுக்குக் காட்டினார்கள். இன்று சிலர் மிதிவண்டிக்குப் பின்னால் இழுவண்டி கட்டி, அதன்மேல் சூரியத் தகடு பரப்பிக்கொண்டு நெடும்பயணம் போகிறார்கள். 100 வாட் தகடு ஒன்று நல்ல வெயிலில் நாளெல்லாம் உழைத்தால் ஒரு மின்கலம் ஏறத்தாழ நிரம்பும். மேகம் வந்தால் காத்திருக்க வேண்டும். எதிர்காற்றில் அந்தத் தகடே பாய்மரமாகப் பின்னுக்குத் தள்ளும். எதுவும் இலவசமில்லை.

என் பக்கத்துப் பலவீனங்களையும் மறைக்க மாட்டேன். மின்மிதிவண்டியில் கடந்தவன் ரிச்சர்ட்சனோடும், தன் காலை மட்டும் நம்பிக் கடந்தவரோடும் நாள்கணக்குப் போட்டி போடக்கூடாது. அப்படிப் போட்டால், தோழன் சொன்ன 'ஏமாத்து' என்ற சொல்லை நானே சொல்வேன். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலத்தைப் பயணி விமானத்தில் கொண்டுபோக முடியாது. ஆகவே வெளிநாட்டிலிருந்து போகிறவர் அங்கேயே மின்கலம் வாங்க வேண்டும். பணம் படைத்தவருக்கே ஆகும் செயல் அது. கடும் வெயிலில் சூடேறிய மின்கலத்தை உடனே சார்ஜில் போடக்கூடாது. நிழலில் ஆற விட வேண்டும். மரமில்லா நாட்டில் நிழல் என்பது கட்டடத்தின் நிழல்தான். வழியில் சங்கிலி அறுந்தால் யாரும் கோத்துவிடலாம். மோட்டாரின் மின்சுற்று பழுதானால் 500 கிலோமீட்டருக்குள் சரிசெய்வார் இல்லை. எளிமைதான் மிதிவண்டியின் அழகு என்பவருக்கு இந்த இடத்தில் என்னிடம் மறுமொழி இல்லை.

ஆனால் வலியைப் பற்றிய வாதத்தை மட்டும் ஏற்க மாட்டேன். "வலிக்காத பயணம் பயணமா?" என்கிறான் தோழன். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர் நடுவில் பேருந்து ஏறினால் நேர்த்திக்கடன் தீராது, உண்மை. அங்கே வலியே காணிக்கை. நிலத்தைப் பார்க்கப் போகிறவன் யாருக்கு என்ன காணிக்கை செலுத்த வேண்டும்? அவனுக்கு வேண்டியது மூன்று. காற்று முகத்தில் பட வேண்டும். நினைத்த இடத்தில் நிற்க முடிய வேண்டும். கடந்த தொலைவில் தன் உடம்புக்கும் பங்கு இருக்க வேண்டும். கார்க் கண்ணாடிக்குள் இருப்பவனுக்கு இம்மூன்றில் ஒன்றும் இல்லை. மின்மிதிவண்டிக்காரனுக்கு மூன்றும் உண்டு. பங்கு பாதியாக இருக்கலாம், இல்லாமல் இல்லை.

தவிரவும், வலி எல்லோருக்கும் ஒரே அளவாகப் பங்கிடப்பட்டிருக்கிறதா? நல்ல முழங்கால் உள்ளவனுக்கு ஐம்பதாவது கிலோமீட்டரில் வருவது எனக்கு ஐந்தாவதிலேயே வந்துவிடுகிறது. அவன் ஐம்பது கிலோமீட்டர் நிலம் பார்த்தான். நான் ஐந்து பார்த்தேன். வலிதான் பயணச்சீட்டு என்றால் எனக்கு அதைப் பத்து மடங்கு விலையில் விற்கிறார்கள். நல்லர்பாரை மின்மிதிவண்டியில் கடப்பவர்களில் வயது முதிர்ந்தவர்கள் உண்டு. இளமையில் மிதித்த சாலையை முதுமையில் மறுபடியும் பார்க்க வந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் போய், "உங்கள் தொடையில் இனி வலிவில்லை, வேனில் ஏறுங்கள்" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? வேனின் முன் இருக்கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். இருக்கை மெத்தையாகத்தான் இருந்தது. ஏரி வந்ததும் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்கள். நான் கேனைத் திறந்து அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நல்லர்பாருக்கு நான் போவேனா என்று கேட்காதீர்கள். புது மின்மிதிவண்டியின் விலை என் மூன்றாண்டுக் கல்லூரிக் கட்டணத்தைப்போல் பல மடங்கு. இப்போதைக்கு என் கண் ஏரிக்கரை வரைதான். கடைவீதி மிதிவண்டிப் பழுதுபார்க்கும் அண்ணனிடம் மோட்டார் பொருத்திய பழைய வண்டி ஒன்று கிடக்கிறது. பேரணி நாளன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். மின்கலம் கிழடு, 30 கிலோமீட்டருக்கு மேல் தாங்காது என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். போகவரத் தொலைவு 44. திட்ட அலுவலர் ஐயாவிடம் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன், 'பார்க்கலாம்' என்றிருக்கிறார். தோழன் ஒரு நிபந்தனை விதித்தான்: பெயர்ப்பட்டியலில் என் பெயருக்கு எதிரே 'மின்' என்று எழுத வேண்டுமாம். எழுதிக்கொள்ளட்டும் என்றேன்.

எஞ்சியது பிளக். சென்ற ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் ஏரிக்கரைக்குப் போய்வந்தேன். கரையில் தேநீர்க்கடை வைத்திருக்கும் அக்காவிடம் ஒரே ஒரு பிளக்தான் இருக்கிறது. அதில் பால் வைக்கும் குளிர்ப்பெட்டி ஓடுகிறது. பேரணி நாளன்று ஒரு மணி நேரம் அதைக் கழற்றிவிட்டு எனக்குத் தர முடியுமா என்று கேட்டேன். "பால் கெட்டுப்போகாதா தம்பி?" என்றார். பிறகு சற்று யோசித்து, "காலையிலதானே? எட்டு மணிக்குள்ள வந்தீன்னா பாத்துக்கலாம்" என்றார். எட்டு மணிக்குள் 22 கிலோமீட்டர் போய்ச் சேர வேண்டும். கிளம்பும் நேரத்தை ஐந்தரை ஆக்கச் சொல்லி ஐயாவிடம் இன்னொரு விண்ணப்பம் எழுத வேண்டும்.

— மூன்றாமாண்டு புவியியல் மாணவன்